கடைசி ஸ்தானம்

பந்தயம் என்று ஒன்று வைத்தால் முதல் ஸ்தானம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கடைசி ஸ்தானமும் ஒருவருக்குக் கிடைத்தே தீரும். முதல்வரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். கடைசியில் நின்றவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்து கொள்ளக்கூட நமக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆயினும் சதுரங்கத்தின் சரித்திரத்தில் நமது தேசத்தின் பெயர் ஒரு பெரிய பந்தய அட்டவணையின் அடிவரியில் எழுதப்பட்ட வருஷம் ஒன்று உண்டு. அந்த அடிவரியைப் பற்றி வீடுதோறும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அது 1962-ஆம் வருஷம். இடம், ஸ்வீடன் தேசத்தின் தலைநகரான ஸ்டாக்ஹோம். ஆடியவர், நமது தமிழ்நாட்டு மானுவல் ஆரோன்.

திண்ணையிலிருந்து உலக அரங்குக்கு

ஆரோன் 1935-இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அந்நாளில் நம் நாட்டில் சதுரங்கத்தை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஜீவனத்துக்கு வேறு வழி தேடிக்கொண்டு, ஆசைக்காக ஆடியவர்களே நம் ஆட்டக்காரர்கள். போதாக்குறைக்கு, நம் திண்ணைகளில் நடந்த ஆட்டமும் உலகப் பந்தயங்களில் நடந்த ஆட்டமும் ஒன்றல்ல. நாட்டு முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டந்தான் செல்லும். ராஜா கோட்டை கட்டிக்கொள்வதற்குப் பதிலாக, ஒரே ஒரு முறை குதிரையைப் போல் பாயலாம். மேல்நாட்டாரோ ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றி மட்டுமே நூல் நூலாக எழுதிக் குவித்திருந்தார்கள்.

இந்த நிலையில்தான் ஆரோன் 1961-இல் மங்கோலியாவின் மோமோவை 3-1 என்ற கணக்கிலும், ஆஸ்திரேலியாவின் பர்டியை 3-0 என்ற கணக்கிலும் வென்றார். பர்டி சாமானியர் அல்லர். தபால் மூலம் ஆடும் சதுரங்கத்தில் உலகத்தின் முதல் சாம்பியனாக விளங்கியவர். இந்த வெற்றியால் ‘சர்வதேச மாஸ்டர்’ என்ற பட்டம் முதன்முதலாக ஓர் இந்தியரைத் தேடி வந்தது. ஸ்டாக்ஹோம் பந்தயத்தின் வாசலும் திறந்தது.

ஒரு மாதத்துப் போராட்டம்

உலக சாம்பியனுடன் மோதும் உரிமையைப் பெறுவதற்கான ஏணியில் ஸ்டாக்ஹோம் பந்தயம் ஒரு முக்கியமான படி. ஜனவரி மாதக் கடைசியில் தொடங்கி மார்ச்சு மாதம் வரையில் அது நீண்டது. ஆடியவர்கள் 23 பேர். ஒவ்வொருவரும் மற்ற 22 பேருடனும் ஆட வேண்டும். வெற்றிக்கு ஒரு புள்ளி. சரிசமமாக முடிந்தால் அரைப் புள்ளி. 18 வயது நிரம்பிய அமெரிக்கர் பாபி பிஷர், அடுத்த ஆண்டே உலக சாம்பியனான பெத்ரோஸியான், கெல்லர், கோர்ச்னாய் முதலிய ஜாம்பவான்கள் எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள்.

இத்தகைய பந்தயத்தில் ஒரு கொடுமை உண்டு. தோற்றவன் அத்தோடு ஊர் திரும்பும் பந்தயங்களில் துன்பம் ஒரு நாளோடு தீர்ந்துவிடும். இங்கேயோ இன்று தோற்றவன் நாளையும் வந்து அதே மண்டபத்தில் உட்கார்ந்து கடிகாரத்தை அழுத்த வேண்டும். அட்டவணையில் தன் பெயர் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்தபடி, மேலே இருப்பவர்களுடன் ஆட வேண்டும்.

ஆரோனுக்கு அந்த அனுபவம் நிறையவே கிட்டியது. தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. ஆனால் அந்தத் தோல்விகளுக்கு நடுவே ஹங்கேரியின் போர்ட்டிஷை அவர் வீழ்த்தினார். கிழக்கு ஜெர்மனியின் உல்மனையும் வீழ்த்தினார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். போர்ட்டிஷ் பிற்காலத்தில் உலகப் பட்டத்துக்கான தேர்வுப் பந்தயங்களில் பல தடவை ஆடிய மகா கெட்டிக்காரர். அத்தகையவரை நமது அமெச்சூர் ஆட்டக்காரர் தோற்கடித்தார்.

முடிவில் பிஷர் ஓர் ஆட்டங்கூடத் தோற்காமல் 17½ புள்ளிகளுடன் முதலில் நின்றார். ஆரோன் 23-ஆவதாக நின்றார்.

புள்ளிக் கணக்குக்கு மனிதர்களைத் தெரியாது. வலியவனை வென்றாலும் எளியவனை வென்றாலும் அது ஒரே ஒரு புள்ளியைத்தான் எழுதும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, ‘கடைசி’ என்று சொல்லி முடித்துவிடும்.

முன்னர் ஓர் உதாரணம்

இதற்கு முன்னும் இப்படி ஒன்று நடந்ததுண்டு. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் 1929-இல் லண்டன் சேர்ந்தார். அவரைப் பழக்குவதற்கென்றே நடத்திய சிறு பந்தயத்தில் கடைசி ஸ்தானத்தைத்தான் இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். அதே வருஷத்துக் கோடையில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார்! நம்மை ஆண்டவர்களின் தேசத்தில், அவர்களுடைய பட்டத்தை 1932, 1933-ஆம் வருஷங்களிலும் அவர் வென்று காட்டினார்.

ஆரோனுக்கு அவ்வளவு சீக்கிரம் விடை கிடைக்கவில்லை. அவர் செய்தது மெதுவான வேலை. 1959-க்கும் 1981-க்கும் இடையில் ஒன்பது முறை தேசிய சாம்பியனாக விளங்கினார். உலக முறைச் சதுரங்கத்தை இங்கே பரப்பினார். 1972-இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றியதற்கு அவரே காரணம். நம் நாட்டின் இரண்டாவது சர்வதேச மாஸ்டர் வருவதற்கு 1978 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. தால் கழகத்துப் பலகைகளில் ஆடிப் பழகிய விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சென்னையின் குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றார். அவரும் அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றவரே என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு

2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது முதல், எங்கள் மொரப்பூரைப் போன்ற ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகளிடையே சதுரங்க ஆசை பெருகியிருக்கிறது. ரயிலேறியும் பஸ்ஸேறியும் பந்தயங்களுக்குப் போகிறார்கள். உபாத்தியாயர் என்ற முறையில் நான் கவனித்தது ஒன்று உண்டு. தோற்ற பிள்ளை ஆட்டம் முடிந்தவுடன் அழுவதில்லை. வெளியே காத்திருக்கும் பெற்றோர், “எத்தனாவது வந்தாய்?” என்று கேட்கும்போதுதான் அழுகிறது. ஐந்து தோல்விகளுக்கிடையே தன்னைவிடப் பெரிய பையன் ஒருவனை அது வென்றிருக்கலாம். அதை யாரும் விசாரிப்பதில்லை. அடுத்த பந்தயத்துக்குப் பிள்ளை வர மறுக்கிறது. படிப்புக் கெடுகிறது என்று பெற்றோரும் பலகையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுகிறார்கள்.

சதுரங்கத்துக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெரிய பந்தயங்களில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுகிறவரே தாளில் எழுதி வைக்க வேண்டும். அதனால்தான் ஆரோன் போர்ட்டிஷையும் உல்மனையும் வென்ற ஆட்டங்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பலகையில் காய்களை அடுக்கி அவற்றை மறுபடி ஆடிப் பார்க்கலாம். உங்கள் பிள்ளையும் அப்படி எழுதப் பழகட்டும். பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவச் சொல்லி, சாப்பாடு போட்டு, “நீ நன்றாக ஆடிய ஆட்டம் எது? காட்டு, பார்க்கலாம்” என்று பலகையின் முன் உட்காருங்கள். ஸ்தானத்தைப் பிறகு கேட்டுக் கொள்ளலாம்.