பல்கலைக்கழகப் பாடமும் நமது கண்மாயும்

பல்கலைக்கழகப் போதனைக்கும் கிராம ஊராட்சிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நிலத்தையும் நீரையும் வருங்காலச் சந்ததியாருக்குக் குறைவின்றி விட்டுச்செல்லும் வகையில் உற்பத்தியைப் பெருக்குவதே நீடித்த வளர்ச்சி எனப்படும். இதனைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் புகுத்துவதற்கென ஐக்கிய நாடுகள் சபை 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளை ஒதுக்கியது. நமது நாட்டில், 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாகச் சுற்றுச்சூழல் கல்வி பட்டப்படிப்பிலும் இடம்பெற்றது.

தமிழகத்திற்கு இக்கருத்து புதிதன்று. காந்திகிராமத்தில் 1956-இல் தொடங்கப்பெற்று, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிராமியக் கல்வி நிறுவனத்தில், கிராமங்களில் தங்கிப் பயில்வது படிப்பின் ஒரு பகுதியாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்களும் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி விவசாயிகளுடன் பணிபுரிகின்றனர்.

நார்த்தாமலை போன்ற ஊருக்கு இதனால் விளையக்கூடிய நன்மை யாது? இவ்வூரைச் சூழ்ந்திருப்பவை கருங்கற் குன்றுகள். பாறைமீது பெய்யும் மழை உடனே வழிந்தோடிவிடும். நிலத்தடியிலும் கெட்டிப்பாறையே, அதன் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே வரத்துவாரி தூர்ந்தாலும், கண்மாய் வண்டலால் மேடிட்டாலும், கிணறுகள் விரைவில் வற்றும். எந்த வாரி எங்கு அடைபட்டது, எந்தக் கிணறு எத்தனை அடி இறங்கியது என்ற கணக்கு இருந்தால்தான் மராமத்துப் பணம் தகுந்த இடத்தில் செலவாகும். இல்லாவிடில் கரைமேல் மண் போடுவதோடு வேலை நின்றுவிடும்.

இக்கணக்கை எடுப்பதே மாணவர்களுக்கு ஏற்ற பாடமாகும். சில நாள் முகாமிட்டு, கன்றுகளை நட்டு, அறிக்கையைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டுச் செல்வதால் ஊருக்குப் பயன் சொற்பமே. ஆகவே ஊராட்சி, கல்லூரியிடம் மூன்று உதவிகளைக் கோரலாம்.

முதலாவது, ஐப்பசி மழைக்கு முன்னும், பின்னர் தை மாதத்திலும், குறித்த சில கிணறுகளின் நீர்மட்டத்தைக் கைப்பிடிச் சுவரில் இட்ட ஒரே அடையாளத்திலிருந்து அளத்தல்.

இரண்டாவது, அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் மாணவர்களும் அதே கிணறுகளை அளத்தல். ஓராண்டுக் கணக்கு அவ்வாண்டின் மழையை மட்டுமே காட்டும். பல்லாண்டுக் கணக்கே ஊரின் நீர்வளம் பெருகுகின்றதா, குறைகின்றதா என்பதைக் காட்டும்.

மூன்றாவது, முடிவுகளைத் தமிழில் எழுதி, மார்ச் 22-ஆம் நாள் கூடும் கிராம சபையில் படித்து, பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் வைத்தல். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போது இது சான்றாக உதவும்.

எழுதி வைக்கும் வழக்கம் இவ்வூருக்குப் பழையது. 'நகரத்தார் மலை' என்பதே நார்த்தாமலை என மருவியது என்பர். அந்த வணிகர் சபையின் நடவடிக்கைகளைக் கூறும் கல்வெட்டுக்கள் இன்றும் இங்குள்ளன.

விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. வாரிகள் முன்பு ஓடிய போக்கு பாடநூல்களில் இராது. அதனை அறிந்த முதியோர், ஒருநாள் மாணவர்களுடன் கண்மாய் முதல் குன்றின் அடிவாரம் வரை நடந்து காட்டுவாராயின், அதுவே அவர்களுக்குச் சிறந்த போதனையாகும். ஊருக்கும் நிலையான ஆவணம் கிட்டும்.