சால்மன் கூண்டு வளர்ப்பின் காலநிலைத் தாக்கம்

சால்மன் கூண்டு வளர்ப்பின் காலநிலைத் தாக்கம் என்பது, கடலில் வலைக்கூண்டுகளுக்குள் சால்மன் மீன்களை வளர்த்துச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதனால் வளிமண்டலத்தில் கூடும் பைங்குடில் வளிமங்களின் விளைவைக் குறிக்கும். இத்தொழில் கடலில் நடைபெறினும், அதன் காலநிலைச் சுமையின் பெரும்பகுதி நிலத்திலும் வானிலுமே உருவாகின்றது. அத்திலாந்திக் சால்மனை உலகில் மிகுதியாக வளர்க்கும் நாடு நோர்வே ஆதலால், இங்கு அந்நாடே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வளர்ப்பு முறை

1970 ஆம் ஆண்டில் நோர்வேயின் ஹித்ரா தீவில் மிதக்கும் வலைக்கூண்டில் சால்மன் வளர்ப்பது வெற்றி பெற்றது. இன்று அந்நாட்டின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 15 இலட்சம் டன் ஆகும். குஞ்சுகள் நன்னீர்த் தொட்டிகளில் பொரிக்கப்பட்டு, ஓரளவு வளர்ந்தபின் கடற்கூண்டுகளில் விடப்படுகின்றன.

தீவனம்

சால்மன் ஓர் ஊனுண்ணி. கூண்டில் அதற்குக் குருணைத் தீவனம் இடப்படுகிறது. மீனின் எடை 1 கிலோகிராம் கூடுவதற்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.3 கிலோகிராம் தீவனம் போதுமானது. மாடு, பன்றி ஆகியவற்றுடன் ஒப்பிட்டால் இது மிகவும் சிக்கனமானது. மீன் தன் உடலைச் சூடாக வைத்திருக்க ஆற்றலைச் செலவிடுவதில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம்.

எனினும், எவ்வளவு தீவனம் என்பதை விட எங்கிருந்து வந்த தீவனம் என்பதே இங்கு முதன்மையான வினாவாகும். 1990 இல் நோர்வேயின் சால்மன் தீவனத்தில் சுமார் 90% மீன்தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தன. 2013 இல் இப்பங்கு சுமார் 30% ஆகக் குறைந்தது. எஞ்சியது சோயா, கோதுமை போன்ற பயிர்களிலிருந்து பெறப்பட்டது. இம்மாற்றம் கடலின் சிறு மீன்கள் மீதான அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் சோயாப் புரதத்தின் பெரும்பங்கு பிரேசிலிலிருந்து வந்தது. காட்டை அழித்து விளைநிலமாக்கும்போது மரங்களிலும் மண்ணிலும் இருந்த கரிமம் கார்பனீராக்சைடாக (கரியமில வாயு) வெளியேறுகிறது. இவ்வாறு வடகடலில் வளரும் மீனின் கணக்கில் தென்னமெரிக்கக் காடும் சேர்ந்துவிடுகிறது. பண்ணையில் மீன் பிடிக்கப்படும் வரையிலான கணக்கை எடுத்துக்கொண்டால், வெளியேற்றத்தில் தீவனத்தின் பங்கே மிகப் பெரியது. 2021 இல், இத்துறைக்குச் சோயா வழங்கும் பிரேசில் நிறுவனங்கள் காடழிப்பில்லாத சோயாவையே வாங்குவதாக உறுதியளித்தன.

கொண்டு செல்லல்

நோர்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வானூர்தியில் சாங்காய் சென்றடையும் புதிய சால்மனின் மொத்த வெளியேற்றம், சரக்குந்தில் பாரிசு சென்றடையும் மீனுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகும். பெரும்பாலும் முழு மீனாகவே அனுப்பப்படுவதால், உண்ணப்படாத தலையும் எலும்பும், உடன் வைக்கப்படும் பனிக்கட்டியும் சேர்ந்தே பறக்கின்றன! உறையவைத்துக் கப்பலில் அனுப்பினால் இச்சுமை பெரிதும் குறையும். ஆனால் சந்தை விரும்புவது உறையவைக்காத மீனையே.

தீவனம் வேண்டாத வளர்ப்புகள்

சிப்பிகளும் கடற்பாசிகளும் கடல்நீரிலிருந்தே தம் உணவைப் பெறுகின்றன. 2021 இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஒப்பீட்டில், வளர்க்கப்படும் கடலுணவுகளுள் இவையிரண்டுமே மிகக் குறைந்த வெளியேற்றம் கொண்டவையாகக் காணப்பட்டன.

சிப்பி ஓட்டில் கரிமம் இருப்பதால் அது வளிமண்டலத்தைத் தூய்மையாக்குகிறது என்று கூறப்படுவதுண்டு. இது சரியன்று. நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் இணைந்து ஓட்டின் கால்சியம் கார்பனேட்டாக மாறும்போது கார்பனீராக்சைடு வெளியாகிறது. அதில் ஒரு பகுதி காற்றில் கலக்கவும் கூடும். எனவே சிப்பி வளர்ப்பின் நன்மைக்கு அதன் ஓடு காரணமன்று, தீவனம் தேவைப்படாமையே காரணமாகும்.