உம்மம்மாவின் வானொலிக்கு ஒரு மின்வழங்கி

உம்மம்மாவின் பழைய திரான்சிற்றர் வானொலி பழுதாகவில்லை. அதற்குரிய பற்றரிதான் எங்கள் ஊர்க் கடைகளில் இல்லை. பீ.பீ.9 என்னும் அந்தப் பற்றரி கைப்பிடியளவு பெரியது, 9 வோல்ற்று தரும்.

வீட்டில் கிடந்த 9 வோல்ற்று அடப்டரை இணைத்துப் பார்த்தேன். இரவில் தெளிவாகக் கேட்கும் திருச்சி வானொலி இரைச்சலில் மூழ்கிவிட்டது. இக்கால அடப்டர்கள் மின்னை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டியே மாற்றுகின்றன. அதனால் எழும் அதிர்வுகள் மத்திய அலைவரிசைக்குள்ளும் விழுகின்றன. வானொலிக்கு அதுவும் ஒரு நிலையம்தானே!

பற்றரி மின்னில் இந்த அதிர்வு கிடையாது. அதற்கு நெருங்கிவர வேண்டுமாயின் பழைய முறையே நல்லது. நிலைமாற்றி 230 வோல்ற்றை 12 ஆகக் குறைக்கும். நான்கு இருவாயிகள் ஆடலோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும். நமது மின்னின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். இரண்டு அரையலைகளும் பயன்படுவதால் 100 ஹேர்ட்ஸில் 'ம்ம்ம்' என்றொரு முனகல் எஞ்சும். 2200 மைக்ரோபரட் கொள்ளளவி அந்த ஏற்ற இறக்கத்தின் பள்ளங்களை நிரப்பும். மிச்சத்தை 7809 என்னும் மூன்று கால் ஐசி அடக்கி, 9 வோல்ற்றில் நிறுத்தும்.

இணைக்குமுன் முனைகளை மீற்றரால் பார்க்க வேண்டும். ஜேர்மானியம் திரான்சிற்றர் உள்ள பழைய வானொலிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். மாற்றிக் கொடுத்தால் திரான்சிற்றர் எரிந்துவிடலாம். 230 வோல்ற்றுப் பக்கத்தை நான் தொடவில்லை. மின்வேலை தெரிந்தவரே உருகியும் வைத்துப் பூட்டித் தந்தார்.

அன்றிரவு உம்மம்மா சொன்னது இவ்வளவுதான்: "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க மகள்."