புல் இல்லாத வீட்டில் ஒரு புல்வெட்டி!

எங்கள் வீட்டில் புல்தரை கிடையாது. இருப்பதெல்லாம் வாசலில் நாலு தொட்டி. ஒன்றில் துளசி, மூன்றில் வெறும் மண். ஆனாலும், என்னிடம் ஒரு லான் மூவர் இருக்கிறது!

போன வருஷம் ஸ்கூட்டருக்கு ஒரு நட்டு தேடிக் காயலான் கடைக்குப் போனேன். நட்டு கிடைக்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் இது கிடந்தது. இரண்டு பக்கமும் வார்ப்பிரும்பு, நடுவே முறுக்கினாற்போல் ஆறு பிளேடு வைத்த உருளை, நீளமான மரக் கைப்பிடி. பெட்ரோல் வேண்டாம், கரெண்ட் வேண்டாம். தள்ளினால் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றினால் பிளேடு சுற்றும். அவ்வளவுதான்.

கடைக்காரர் இரும்பு விலைக்கு எடை போட்டார். பதினெட்டு கிலோ.

"என்ன சார், பங்களா வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லை..."

வீட்டில் என் மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். "ரயில் இன்ஜின் எப்ப வருது?" என்றாள்.

பி.காம். படித்தவன் நான். தேய்மானம் கழித்துக் கழித்து ஒரு மெஷினின் மதிப்பு கடைசியில் ஸ்கிராப் விலையில் வந்து நிற்கும் என்பது பாடம். அதற்கப்புறம் மெஷின் என்ன ஆகும்? எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னை மாதிரி ஒருத்தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவான்!

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் டீசலில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். கூடவே இதன் ஜாதகத்தையும் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கத்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தப் பக்கமெல்லாம் கம்பளி மில்கள். துணியின் மேல் நிற்கும் பிசிரைச் சீராக வெட்டும் மெஷினைப் பார்த்தவருக்கு, 'இதே வேலையைப் புல்லுக்குச் செய்தால் என்ன?' என்று தோன்றியிருக்கிறது. அதுவரை அரிவாள்தான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று ராத்திரியில் ஓட்டிப் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு.

நானும் ராத்திரியில்தான் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தேன். 'சர்ர்ர்... சர்ர்ர்...' ஆஹா! அந்தச் சத்தத்துக்கே கொடுத்த காசு தகும்.

"இங்கிலாந்தில் பழைய லான் மூவர் பிரியர்களுக்கு 1990-ல் சங்கமே ஆரம்பிச்சிருக்காங்க. சவுத்போர்ட்ல மியூசியம்கூட இருக்கு" என்றேன்.

"அட்ரஸ் வாங்குங்க, பார்சல் பண்ணிடலாம்" என்றாள். மெஷினையா, என்னையா என்று நான் கேட்கவில்லை.

ஒரே குறை. சுற்றியதே தவிர, வெட்டவில்லை. கோயில் வாசலில் அறுகம்புல் வாங்கி வந்து பரப்பினேன். மாடு மென்று துப்பினது மாதிரி ஆக்கிவிட்டது. "அடப்பாவமே, பிள்ளையாருக்குப் போட வேண்டியது!" என்று மேலும் கெட்ட பெயர்.

தெருக்கோடியில் செடி விற்கும் பெரியவர் ஒரு காலத்தில் பங்களாத் தோட்டக்காரராக இருந்தவர். அழைத்து வந்தேன். பார்த்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை. வலது தோளைத் தடவிக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷம் தள்ளினேன் தம்பி. தோள்பட்டை போனதே இதாலதான்."

பேச்சை மாற்றலாம் என்று, படித்ததை எடுத்து விட்டேன். "அந்தக் காலத்துல இங்கிலாந்துல பெரிய மெஷினைக் குதிரை இழுக்குமாம். குளம்பு பட்டுப் புல் கெடக்கூடாதுன்னு குதிரைக்குத் தோல் செருப்பு மாட்டுவாங்களாம்!"

"குதிரைக்கு செருப்பா?" பெரியவர் சிரித்தார். "எங்களைச் செருப்போட புல்லுல கால் வைக்கக் கூடாதுன்னுவாங்க. பனியில, வெயில்ல, முள்ளுல... வெறுங்கால்தான்."

எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை.

அவரே உட்கார்ந்தார். "ஸ்பேனர் குடுங்க." உருளைக்குக் கீழே அசையாமல் ஒரு பிளேடு இருக்கிறது. கத்திரிக்கோலின் இரண்டாவது அலகு மாதிரி. இரண்டுக்கும் நடுவே புல் சிக்கினால்தான் வெட்டும். ஒட்டி உரசினால் சக்கரம் இறுகும். விலகினால் புல் நசுங்கும். வலப்பக்கம் கால் சுற்று, இடப்பக்கம் அரைக்கால் சுற்று... காதை வைத்துக் கேட்டுக் கேட்டுத் திருப்பினார்.

காலண்டரில் தேதி தாளைக் கிழித்து வாங்கி நுழைத்து, கையால் உருளையைச் சுற்றினார். 'சரக்!' தாள் இரண்டாக விழுந்தது. இந்தக் கோடி, நடு, அந்தக் கோடி... எல்லா இடத்திலும் 'சரக்!' அப்போதுதான் அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது.

இப்போதெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு அவரே வருகிறார். இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு காலண்டர் தாள், ஒரு டம்ளர் காபி. போன தடவை கிளம்பும்போது சொன்னார்:

"சும்மா வெச்சுப் பார்க்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, ஒண்ணு... தப்பித் தவறி புல்லு மட்டும் வெச்சுடாதீங்க!"