காசு வாங்கினால் அது வேற கார்

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பே ஏரியா தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று கேள்விகள் தவறாமல் வரும். சென்னைக்கு எந்த ஃபிளைட்டில் டிக்கெட் மலிவு? விசா ஸ்டாம்பிங்குக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதா? மூன்றாவது: "அஞ்சு வாரம் ஊருக்குப் போறோம், கார் சும்மாதான் நிக்கும். ஆப்ல போட்டு வாடகைக்கு விட்டா என்ன?"

உடனே யாராவது பதில் போடுவார். "நான் போன வருஷம் விட்டேன் ப்ரோ. ரெண்டு மாச கார் பேமென்ட் வந்துடுச்சு." அதற்குக் கீழே இருபது கட்டைவிரல்.

எனக்கு வேலை மென்பொருள். ஆனாலும் இந்தக் கேள்வி வீட்டிலும் எழுந்ததால், என் கார் இன்சூரன்ஸ் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்தேன். யாரும் படிக்காத அந்த நாற்பது சொச்சம் பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சொந்தக் காரை முன்பின் தெரியாதவருக்கு செயலி மூலம் வாடகைக்கு விடும் இந்த வியாபாரம் அமெரிக்காவில் ஒன்றும் புதுசு இல்லை. இன்று எல்லோரும் சொல்லும் டூரோ, 2010-ல் பாஸ்டனில் ரிலேரைட்ஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. 2015-ல் பெயரை மாற்றிக்கொண்டது. வீட்டுக்கு ஏர்பிஎன்பி மாதிரி காருக்கு இது. ஐடியா அழகானதுதான். நம்முடைய கார்கள் ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் சும்மாதானே நிற்கின்றன?

சிக்கல் என்ன என்பது 2012-லேயே தெரிந்துவிட்டது. அந்த வருடம் பிப்ரவரியில் பாஸ்டனில், ரிலேரைட்ஸ் மூலம் ஒருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டிய கார் எதிரே வந்த காரில் மோதியது. ஓட்டியவர் இறந்துபோனார். எதிர்க் காரில் இருந்த நான்கு பேருக்குப் பலத்த காயம். ரிலேரைட்ஸ் கொடுத்த இன்சூரன்ஸ் பத்து லட்சம் டாலர். கேட்க பெரிய தொகைதான். ஆனால் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான்கு பேர் ஐ.சி.யூ.வில் கிடந்தால் பத்து லட்சம் எத்தனை நாளுக்கு வரும் என்று. அந்தத் தொகை தீர்ந்தால் அடுத்து யார்? காரின் சொந்தக்காரர் மேல் கேஸ் வருமா? அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி நிற்குமா? அதுவரை வக்கீல்கள் கற்பனையாகப் பேசிக்கொண்டிருந்த கேள்விகள் அன்று நிஜமாகிவிட்டன.

இந்தக் கேள்விக்கான பதில் ஒரே ஒரு இடத்தில் திரும்புகிறது. காசு வாங்கினீர்களா, இல்லையா?

உங்கள் நண்பர் "மச்சி, ஏர்போர்ட் போயிட்டு வர காரைக் குடு" என்று கேட்டு, நீங்கள் சாவியைக் கொடுத்தால், பெரும்பாலான பாலிசிகள் அவரையும் சேர்த்தே பாதுகாக்கும். சொந்தக்காரரின் அனுமதியோடு ஓட்டுகிறவர் என்ற கணக்கில் வந்துவிடுவார். அதே நண்பர், அதே கார், அதே ஏர்போர்ட். ஆனால் நீங்கள் ஒரு நாளைக்கு 40 டாலர் வாங்கிக்கொண்டீர்கள் என்றால், காரை வாடகைக்கு விட்டால் இந்த பாலிசி செல்லாது என்ற வரி குறுக்கே வந்து நிற்கும். வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார் பகிர்வுச் செயலியில் பதிவு செய்த காருக்குப் பொறுப்பில்லை என்று தனி இணைப்பே சேர்த்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. எனக்கு பாலிசி போட்டுத் தரும் ஏஜென்ட் அண்ணா மதுரைக்காரர், இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். அவரிடம் கேட்டேன். "தம்பி, ஓசியில குடுத்தா அவன் உங்க சொந்தக்காரன். காசு வாங்கிட்டீங்கன்னா நீங்க ட்ராவல்ஸ் ஓனர். ட்ராவல்ஸுக்கு வேற பாலிசி, வேற பிரீமியம்" என்றார்.

அதனால் நான் அதிகம் பயப்படுவது செயலியைப் பார்த்து அல்ல. செயலியே இல்லாமல் நம்மாட்களுக்குள் நடக்கும் வாடகையைப் பார்த்துத்தான். "புதுசா ஆன்சைட் வந்திருக்கார், நம்ம திருச்சிப் பையன்தான், ஒரு மாசத்துக்கு கார் வேணுமாம், 600 டாலர் ஸெல்லில் அனுப்பிடுவார்" என்று குழுவில் சர்வசாதாரணமாக ஓடுகிறது. வாங்கிக்கொள்பவர் கையில் இருப்பது இந்திய லைசென்ஸ், வலது பக்கம் ஓட்டிப் பழகாத கை. செயலியிலாவது அவர்கள் கொடுக்கும் இன்சூரன்ஸ் என்று ஒன்று இருக்கும். இங்கே அவரிடமும் இல்லை. 600 டாலர் வாங்கியதால் உங்களுடையதும் சந்தேகம். மோதினால் மோதப்பட்டவரின் வக்கீல் முதலில் தேடுவது கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான். ஸெல் பரிவர்த்தனை வங்கிக் கணக்கில் பத்திரமாக இருக்கும். சிலர் அதில் "கார் ரென்ட்" என்று குறிப்பும் எழுதி வைத்திருப்பார்கள்!

செயலி மூலம் கொடுப்பவர்களுக்கு கலிஃபோர்னியாவில் ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு. 2011 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, செயலியில் காரைக் கொடுத்தார் என்பதற்காக மட்டுமே உங்கள் சொந்த பாலிசியை ரத்து செய்யக் கூடாது. வாடகைக்குப் போயிருக்கும் நேரத்துக்கு அந்த நிறுவனமே பொறுப்பு. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: வருடத்தில் அந்தக் கார் சம்பாதிப்பது, அந்தக் காரை வைத்து ஓட்டும் வருடச் செலவைத் தாண்டக் கூடாது. சும்மா நிற்கும் கார் செலவை ஈடுகட்டலாம், தொழிலாக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. "மூணு கார் வாங்கி விட்டிருக்கேன் ப்ரோ, பாசிவ் இன்கம்" என்று யூடியூபில் பேசுபவர்கள் இந்த வரியைச் சொல்ல மாட்டார்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேறு. நியூயார்க்கில் இன்சூரன்ஸ் பிரச்சினையால் ரிலேரைட்ஸ் 2013-ல் கடையை மூடியது. புதுச் சட்டம் வந்த பிறகு 2022-ல்தான் டூரோவாகத் திரும்பி வந்தது. நியூ ஜெர்சியில் மச்சான் செய்கிறார் என்பதற்காக டெக்சாஸில் நீங்கள் அப்படியே செய்ய முடியாது.

இனி காரே சேதமானால்? "ஆப் எல்லாத்தையும் பார்த்துக்கும்" என்பது பாதி உண்மை. உங்கள் காருக்கு அவர்கள் தருவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் அல்ல, ஒப்பந்தப்படி தரும் இழப்பீடு. வாடகையில் உங்களுக்கு அதிகப் பங்கு வேண்டுமென்றால், சேதத்தில் உங்கள் கைக்காசும் அதிகம். கொடுப்பதற்கு முன்னும் வந்த பின்னும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்திருக்க வேண்டும். பயணம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் தாம்பரத்தில் மாமியார் வீட்டில் ஜெட்லாக்கில் தூங்கிக்கொண்டிருக்கும்போது யார் போட்டோ எடுப்பது? அப்புறம், கிளட்ச் தேய்ந்தது, பிரேக் போனது, சீட்டில் கஞ்சா வாடை — முதல் இரண்டும் "வழக்கமான தேய்மானம்". மூன்றாவதை நிரூபிக்க வாடையைப் போட்டோ எடுக்க முடியாது.

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இன்னும் மோசம். கோயம்புத்தூர்க்காரர், கணக்குப் பார்த்துச் செய்கிறவர். மூன்று நாளைக்கென்று போன கேம்ரி ஐந்தாம் நாளும் வரவில்லை. எடுத்தவர் மெசேஜுக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "சாவியை நீங்கள்தானே கொடுத்தீர்கள்? இது திருட்டு இல்லை, ஒப்பந்தத் தகராறு" என்று சொல்லிவிட்டார்கள். செயலியின் கஸ்டமர் சர்வீஸில் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து. இரண்டரை வாரம் கழித்து இன்னொரு கவுன்டியின் டோயிங் யார்டிலிருந்து கடிதம் வந்தது: கார் இங்கே நிற்கிறது, நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே குழந்தையின் கார் சீட்டைக் காணவில்லை. அவர் மனைவிக்கு காரை விட அந்த சீட் போனதுதான் இன்னும் ஆறவில்லை. டோல் பில்கள் ஆறு மாதம் வரை வந்துகொண்டிருந்தன.

சரி, இது எதுவும் நடக்காமல் எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். லாபம் எவ்வளவு? எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 50 டாலர் வாடகை, செயலி கால் பங்கு எடுத்தால் கையில் 37.50. வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். 2025-க்கு வைத்திருக்கும் மைல் கணக்கு 70 சென்ட். அதில் தேய்மானத்துக்கு மட்டும் 33 சென்ட். பெட்ரோல் எடுப்பவர் செலவு, அதை விட்டுவிடுவோம். தேய்மானத்தை மட்டும் பார்த்தாலே, ஒரு நாளைக்கு 113 மைலைத் தாண்டியதும் நீங்கள் நஷ்டத்தில் ஓடுகிறீர்கள். ஃப்ரீமான்ட்டிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு வழியே சுமார் 350 மைல். சொந்தக் கார் இருப்பவர்கள் எதற்கு வாடகைக் கார் எடுக்கிறார்கள்? தூரப் பயணத்தில் தங்கள் கார் தேயக் கூடாது என்றுதான்! விவரம் தெரிந்தவர்கள் மைலுக்கு வரம்பு வைத்து மேலே போனால் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அப்படி வைத்தால் புக்கிங் குறைகிறது.

காரை லோனில் வாங்கியிருந்தாலும் லீஸில் எடுத்திருந்தாலும் இன்னொரு பேப்பரைப் படிக்க வேண்டும். லீஸ் ஒப்பந்தங்கள் பலவற்றில் வாடகைக்கு விடக் கூடாது என்று நேரடியாகவே இருக்கும். கார் உங்களுடையதே இல்லையே.

நம்மில் பலருக்கு இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி விசா. எச்-1பி-யில் இருப்பவர் தன் ஸ்பான்சர் செய்த கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம். பங்கு வாங்கி வைத்திருப்பது, வீட்டை வாடகைக்கு விட்டு மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் ஒப்படைப்பது எல்லாம் முதலீட்டு வருமானம் என்று பொதுவாக விட்டுவிடுவார்கள். கார் வாடகையை அப்படிச் சொல்ல முடியுமா? கழுவுகிறீர்கள், ஏர்போர்ட்டில் கொண்டு நிறுத்துகிறீர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு "சாவி திறக்க மாட்டேங்குது" என்ற மெசேஜுக்குப் பதில் போடுகிறீர்கள், விலையை ஏற்றி இறக்குகிறீர்கள். இதுக்குப் பேர் வேலை. வரி கட்டும்போதும் அது அப்படியே பதிவாகும். வீட்டு வாடகையைக் காட்டும் ஷெட்யூல் ஈ காருக்குப் பொருந்தாது. தொழிலாகச் செய்தால் ஷெட்யூல் சி, அதாவது சுயதொழில் செய்பவரின் படிவம். வருடங்கள் காத்திருந்து கிரீன் கார்டுக்கு ஐ-485 நிரப்பும்போது, அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஒரு பக்கம் நீங்களே கையெழுத்திட்ட ஷெட்யூல் சி. மாசம் 300 டாலருக்காக அந்தக் கட்டத்தில் எதை டிக் செய்வது என்று யோசிக்கும் நிலைமையை நான் என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன். குறைந்தபட்சம் லிஸ்டிங் போடுவதற்கு முன்னால் ஒரு இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசைக் கொடுத்துவிடுங்கள்.

"ஆப்ல லைசென்ஸ் எல்லாம் செக் பண்ணித்தானே விடறாங்க" என்பார்கள். 2025 புத்தாண்டு அன்று நியூ ஆர்லியன்ஸில் கூட்டத்துக்குள் புகுந்து 14 உயிர்களைப் பறித்த டிரக்கும், அதே நாள் லாஸ் வேகாஸில் ஹோட்டல் வாசலில் வெடித்த சைபர்டிரக்கும் டூரோவில் எடுத்தவைதான். எடுத்த இருவரும் ராணுவத்தில் இருந்தவர்கள். ஆபத்தானவர்கள் என்று காட்டும் குற்றப் பின்னணி எதுவும் அவர்களுக்கு இல்லை என்று நிறுவனம் சொன்னது. அது பொய்யும் இல்லை. லைசென்ஸ் செக் என்பது நேற்று வரை நடந்ததைத்தான் காட்டும். அந்த அளவுக்கு நடப்பது ஆயிரத்தில் ஒன்று கூடக் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் அன்று டி.வி.யில் தங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்திருப்பார்கள்.

இதை முறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா எச்-4 ஈஏடி-யில் இருக்கிறார். அந்த அனுமதியில் சுயதொழில் செய்யலாம். எல்எல்சி ஆரம்பித்து, அதன் பெயரில் வாங்கிய இரண்டு பழைய கரோலாக்கள், அவற்றுக்குத் தனி வணிக பாலிசி. குடும்ப வண்டியான மினிவேனை அவர் ஒருநாளும் செயலியில் போட்டதில்லை. "வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் போகுது. பாசிவ்னு எவன் சொன்னான்?" என்று சிரிக்கிறார்.

எங்கள் கார் இந்த டிசம்பரில் எதிர் வீட்டு வாசலில் நிற்கப்போகிறது. அந்த வீட்டுக்காரர் ஈரோட்டுக்காரர். பேட்டரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை காஸ்ட்கோ வரை ஓட்டிவிட்டு வருவார். அவர் லைசென்ஸையும் பெயரையும் ஏஜென்ட் அண்ணாவிடம் சொல்லியாகிவிட்டது. காசு பேச்சே கிடையாது. ஊரிலிருந்து வரும்போது அரைக் கிலோ கோவில்பட்டி கடலை மிட்டாய் கேட்டிருக்கிறார். அது வாடகையில் சேராது என்று ஏஜென்ட் அண்ணாவும் சொல்லிவிட்டார்.