சர்க்கரை ஆலைச் சாம்பலும் சிமெண்ட் மூட்டையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. ஒரு டன் கரும்பு உள்ளே போனால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை வெளியே வரும். அதை ஆலைகளே பாய்லரில் போட்டு எரித்துக்கொள்கின்றன. கழிவுப்பாகு எரிசாராயத்துக்குப் போகும், பிரஸ்மட் வயலுக்கு எருவாகும். 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று இன்று கருத்தரங்கு போட்டுப் பேசுவதை, சர்க்கரைத் தொழில் பெயர் வைக்காமலே ரொம்ப நாளா செய்துகிட்டு வருது. கடைசியில் மிஞ்சுவது சாம்பல். அதுக்குத்தான் இன்னும் சரியான வேலை கிடைக்கலை.

அந்த வேலை சிமெண்டில் இருக்கலாம். எப்படி என்று பார்ப்போம். (நான் பி.இ. தான், ஆனால் பிழைப்பு மென்பொருளில். சிவில் நண்பர்கள் பொறுத்தருள்க.)

சிமெண்ட் செய்ய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரி வரை சுட வேண்டும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். இது எரிபொருளிலிருந்து வரும் புகை இல்லை, கல்லுக்குள்ளேயே இருந்தது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும். ஆகவே இருக்கும் ஒரே சுலபமான வழி, சுட்ட கல்லை (கிளிங்கர்) குறைவாகப் போடுவது.

குறைத்த இடத்தில் என்ன போடுவது? சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உபரியாக உண்டாகும். அதனால் வலிமைக்குப் பெரிய லாபம் இல்லை. நுண்ணிய, படிகமாகாத சிலிக்கா பக்கத்தில் இருந்தால் அதோடு வினைபுரிந்து, கான்கிரீட்டைப் பிடித்து வைக்கும் அதே பசையாக மாறிவிடும். கடையில் வாங்கும் பி.பி.சி. மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் இருப்பது இதனால்தான். ஆனால் நிலக்கரியைக் குறைக்கக் குறைக்க அந்தச் சாம்பலும் குறையும். கரும்பு அப்படி இல்லை, வருஷா வருஷம் விளையும்.

சக்கைச் சாம்பலிலும் சிலிக்கா நிறைய உண்டு. சிக்கல் வேறு இடத்தில்: பாதி எரிந்த நார்த் துணுக்குகள் அதில் கலந்திருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் பகுருதீன், மனு சந்தானம் இருவரும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நாரை நீக்க வேண்டும், பிறகு சிமெண்ட் அளவுக்கு நைசாக அரைக்க வேண்டும். புதுச் சூளை எதுவும் தேவையில்லை.

பின்னே ஏன் நடக்கலை? ஆலை ஓடுவது அரவைப் பருவத்தில் மட்டும்; கட்டட வேலையோ வருஷம் முழுக்க. சாம்பலின் தரமும் பாய்லருக்குப் பாய்லர் மாறும். எனக்குப் பெரிய தடையாகப் படுவது காகிதம்தான். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 (2000) உமிச்சாம்பலைப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. சக்கைச் சாம்பலைப் பெயர் சொல்லவில்லை. தரநிலையில் பேர் இல்லாத பொருளுக்கு எந்தப் பொறியாளர் துணிந்து கையெழுத்துப் போடுவார்? தரநிலை மாறவே மாறாது என்றும் இல்லை. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த சிமெண்டுக்கு 2023-ல் ஐ.எஸ். 18189 வந்துவிட்டது.

இதே மாவட்டத்தில் கல்வராயன் மலை ஏறினால் கதை வேறு. மலையாளி மக்களின் பழைய வீடுகள் மண்சுவரும் புல்கூரையும் கொண்டவை. இடிந்த மண்சுவரை ஊறவைத்து மிதித்தால் திரும்பவும் சுவர் எழுப்பலாம். மழைக்குக் கரையும், கரையான் வரும், அவ்வப்போது கூரை மாற்றணும். அங்கே இருப்பவர்கள் கான்கிரீட் வீடு கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆரோவில்லில் செய்வதுபோல மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கற்கள் ஒரு நடுவழி. மழைக்கு நிற்கும், சூளை வேண்டாம். ஆனால் அந்த 5 சதவீதம் சேர்ந்த பிறகு, இடித்தால் அது பழையபடி மண்ணாகாது, ஜல்லிதான்.