பல்லைப் பிடுங்க இவ்வளவு அவசரம் ஏன்?

2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடியபின் தங்கவயல்காரர்கள் பலரின் பிழைப்பு பெங்களூரு ரயிலில்தான் ஓடுகிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். பல் டாக்டரைப் பார்க்க நேரமேது? கிராம்பை அடக்கிக்கொண்டு நாளைத் தள்ளுகிறோம். தாங்க முடியாத அன்று ஓடிப்போய், "பிடுங்கிடுங்க டாக்டர்" என்கிறோம். நம் ஊரில் பல் போவதற்குச் சொத்தை பாதிக் காரணம் என்றால், லீவு கிடைக்காதது மீதிப் பாதி என்பேன்.

கறை வேறு, சொத்தை வேறு

கோலார் மாவட்டத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு, ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமல் கெட்டுவிடும். முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் காவிக் கறையும் தெரியும். செங்கல் தூளால் தேய்த்தால் எனாமல்தான் தேயும், கறை போகாது. லேசான கறையை டாக்டர் மெருகேற்றியே குறைப்பார். அழுத்தமான கறைக்குப் பல் நிறப் பூச்சோ, பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய வெனீரோ போடலாம். கறைக்காகப் பல்லை எடுக்கத் தேவையே இல்லை.

வலி நின்றதும் நிறுத்தாதீர்கள்

சொத்தை மேலோடு இருந்தால் ஒரே தடவையில் அடைத்துவிடலாம். நரம்பு வரை போய், ராத்திரியில் விண்விண்ணென்று தெறித்தால் ரூட் கெனால். கெட்ட நரம்பை எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பார்கள். இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரலாம். வலி போனதும் பலர் பல்லின் மேல் மூடும் கேப் போடாமல் நின்றுவிடுகிறார்கள். அப்படி விட்ட கடைவாய்ப்பல் ஒருநாள் வறுத்த கடலையைக் கடிக்கையில் இரண்டாகப் பிளக்கும். தங்கம் தோண்டிய ஊர் என்பதற்காகத் தங்கக் கேப் கேட்க வேண்டாம். மெட்டல் செராமிக்கே போதும்.

இடைவெளி விழுந்தால்

கடைவாய்ப்பல் போனால் வெளியே தெரியாது என்று விட்டுவிடுகிறோம். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும், அந்த இடத்துத் தாடை எலும்பு கரையும். இடைவெளியை நிரப்பப் பக்கத்துப் பற்களைப் பிடித்து பிரிட்ஜ் கட்டலாம், ஆனால் அதற்கு இருபுறப் பற்களையும் ராவவேண்டும். அவை நல்ல பற்களாக இருந்தால் நான் அதைச் சொல்லமாட்டேன். இம்பிளான்ட் என்பது எலும்பில் இறக்கும் டைட்டானியம் திருகு. 1965-ல் சுவீடனில் பிரானெமார்க் என்ற மருத்துவர் தன் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. எலும்போடு பிடிக்கப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். செலவும் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் பீடியை விடாதவருக்கும் பிடிக்காமல் போகலாம்.

பல் செட்

பல் முழுதும் போன பெரியவர்களுக்குப் பல் செட் போதும். ராத்திரி கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் அது வளைந்துவிடும். ஈறு சுருங்கச் சுருங்க செட் தளரும். ஆண்டுக்கொரு முறை காட்டுங்கள்.

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு இலவசமாகப் பல் செட் கட்டித்தர, கர்நாடக அரசு 2014-15-ல் 'தந்த பாக்யா' திட்டத்தைத் தொடங்கியது. பல் மருத்துவக் கல்லூரிகள் வழியாக நடப்பது அது. நம் ஊரிலேயே பெமல் நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டுப் பெரியவரை, ரேஷன் கார்டோடு அங்கே அழைத்துப் போய் விசாரியுங்கள்.